இயந்திரத்தை ஓட்டிக் காட்டுங்கள்: கொங்கு நாட்டுத் தொழில்நுட்ப அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் நடத்தும் நிர்வாகிகளுக்கும், புதிதாக ஒன்று அமைக்க எண்ணியிருக்கும் தொழில் அமைப்புகள், கல்லூரிகள், உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இதை எழுதும் நாங்கள் மில் ஃபிட்டர்கள், மோட்டார் காயில் கட்டுபவர்கள், லேத், ஃபவுண்டரி, விசைத்தறி, நிட்டிங் வேலை தெரிந்தவர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இயந்திரத்தை ஓட்டிக் காட்டுங்கள். எது எத்தனை மணிக்கு ஓடும் என்று வாசலிலேயே எழுதிப் போடுங்கள். ஓட்டத் தெரிந்தவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கழிப்பறை, உட்கார இடம், சாப்பிட இடம், விளக்கப் பலகை எல்லாவற்றையும் அந்த ஓட்டத்தை ஒரு குடும்பம் முழுதாகப் பார்ப்பதற்காகவே திட்டமிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்பத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அப்பாரு, ஆத்தா, பெற்றோர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், சில சமயம் ஒரு கைக்குழந்தை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் குடும்பம் என்றால் அதில் ஒருவராவது ஏதோ ஓர் இயந்திரத்தோடு வாழ்ந்தவராக இருப்பார். அவருக்கு அந்த இயந்திரத்தின் சத்தம் வைத்தே பழுது தெரியும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்துக்கு முன்னால் பேரன் பத்து நொடி நிற்பான், அடுத்த கூடத்துக்கு ஓடிவிடுவான். அப்பாரு சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்க ஆள் இருக்காது. அதே ஃபிரேம் ஓடினால் பிள்ளை நகராது. "இது ஏனுங்க அப்பாரு அறுந்து போச்சு?" என்ற கேள்வி தானாக வரும்.

இது எங்கள் புது யோசனை இல்லை. மியூனிக் நகரின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை 1903-இல் தொடங்கிய ஆஸ்கர் ஃபான் மில்லர் ஒரு மின்பொறியாளர். கைப்பிடியைச் சுற்றிப் பார், இயந்திரத்தை வெட்டி உள்ளே பார், பணியாளர் ஓட்டிக் காட்டப் பார் என்ற வழியில்தான் அவர் அதை வளர்த்தார். ஆற்றுத் தீவில் அதன் பெரிய கட்டடம் திறந்தது 1925-இல். அதே மில்லர்தான் 1891-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த மின்பொருட்காட்சிக்குப் பொறுப்பாக இருந்து, லாஃபன் ஊரின் நீர்மின் நிலையத்திலிருந்து 175 கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்று பேஸ் மின்சாரம் கொண்டுவந்து விளக்கும் மோட்டாரும் ஓட்டிக் காட்டினார். 1932-இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மலையிறங்கி நம் மில்களுக்கு வந்ததும் அதே மூன்று பேஸ் மின்சாரம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கியதற்குப் பின்னணியும் அதுவே. நம் பிள்ளைகள் பெங்களூரு விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்குப் போய் ரைட் சகோதரர்களின் 1903 விமானத்து முழு அளவு மாதிரியைப் பார்த்து வரட்டும், நல்லது. நூற்பும் பம்பும் மோட்டாரும் பனியனும் பார்க்க இங்கேதான் வரவேண்டும் என்ற நிலையை நாம் உண்டாக்கலாம். அதற்கான பொருளும் ஆளும் நம் ஊரிலேயே இருக்கிறது.

முதலில் நூற்பு. 1888-இல் ஸ்டேன்ஸ் மில்லோடு கோவையில் தொடங்கிய தொழில் என்பதால் எல்லா அருங்காட்சியகங்களும் ஒரு ரிங் ஃபிரேமை எப்படியும் வைக்கும். முழு நீள ஃபிரேம் வேண்டியதில்லை. ஒரு பக்கம் 24 ஸ்பின்டில் (பாபினைச் சுழற்றும் அச்சு) போதும், 70 மி.மீ. இடைவெளியில் 1.7 மீட்டர்தான் வரும். மில்லில் ஸ்பின்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடும்போது, 38 மி.மீ. வளையத்தின் மேல் ஓடும் டிராவலர் என்ற, நூலைக் கோத்துச் சுற்றும் துளியூண்டு கம்பிக் கொக்கி மணிக்கு 129 கி.மீ. வேகத்தில் போகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே 20-ஆம் நம்பர் நூலைப் போட்டு 6,000 சுற்றில் ஓட்டுங்கள். அங்குலத்துக்கு ஏறத்தாழ 18 முறுக்கு ஏறும், நிமிடத்துக்கு எட்டரை மீட்டர் நூல் இறங்கும். முன் உருளை பின் உருளையைவிட வேகமாகச் சுற்றிப் பஞ்சுத் திரியை மெலிதாக இழுப்பதை அந்த வேகத்திலும், டிராவலர் ஸ்பின்டிலைவிடச் சற்றுப் பின்தங்குவதால்தான் நூல் பாபினில் சுற்றுகிறது என்பதைக் கையால் மெல்லச் சுற்றியும் காட்டலாம்.

இங்கே இரண்டு இடத்தில் தவறு வரும். வேகத்தைக் குறைத்தால் நூலின் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். பழைய டிராவலரையே விட்டுவைத்தால் நூல் தளர்ந்து தன்னையே முறுக்கிக்கொள்ளும். கனம் கூடிய டிராவலர் மாட்டவேண்டும். அடுத்தது ஏசி. குளிரூட்டிய கூடத்தில் காற்று காய்ந்துவிடும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சுத்தூசி மின்னேற்றத்தால் எங்கும் ஒட்டும். மில்லில் 55 முதல் 60 சதவீத ஈரப்பதம் வைப்பது இதற்காகத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று கோவைக்குப் பஞ்சாலை வரக் காரணங்களில் ஒன்று என்று சொல்லிவிட்டு, அதே ஊரில் ஈரப்பதமானி இல்லாமல் ரிங் ஃபிரேமை ஓட்டுவது சரியில்லை. ஒரு சின்ன ஈரப்பதக் கருவியும் சுவரில் ஒரு மானியும் வைத்தால் அதுவே காட்சிப்பொருளாகிவிடும்.

ஓட்டுவதற்கு முன் பிள்ளைகள் கையில் ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுங்கள். முறுக்காமல் இழு என்றால் பிரிந்து வரும். முறுக்கி இழு என்றால் தாங்கும். அந்த ஒரு நிமிடத்தில் ஃபிரேமின் பாதி வேலை புரிந்துவிடும். நூல் நம்பர் என்றால் என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டு எடையில் 60 சிட்டம் வந்தால் அது 60-ஆம் நம்பர். மொத்தம் 50,400 கஜம், அதாவது 46 கி.மீ. அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சில் கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் தூரத்துக்கு நூல். அறுந்த நூலை இணைத்துக் காட்டும் வேலையை மில்லில் சைடராக, அதாவது ஃபிரேமை ஓட்டிப் பார்த்துக்கொள்பவராக, இருந்த அம்மாக்களிடம் விடுங்கள். முழங்காலால் ஸ்பின்டிலை நிறுத்தி, நூல் முனையை டிராவலரில் கோத்து, முன் உருளையில் சேர்த்து, காலை எடுக்கும் அந்த நேர்த்தி இரண்டு மூன்று நொடிதான். கூடத்தில் கைதட்டல் வாங்கும் காட்சி அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது கிணறும் பம்பும். கொங்கு நாட்டில் இதற்கு ஒரு தனிக்கூடமே தகும். பிற கூடங்களில் இடம் குறைந்தாலும் இதில் குறைக்காதீர்கள். எருது பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கவலை ஏற்றத்தின் சால் (தண்ணீர் மொள்ளும் கலம்), தும்பி (அதன் அடியிலுள்ள தோல் குழாய்), வடம் (இழுகயிறு) ஆகியவற்றைச் சுவரில் தொங்கவிட்டால் போதாது. சரிவும் உருளையும் போட்டு, எருதுக்குப் பதில் பிள்ளைகளே வடத்தை இழுக்கும்படி 20 லிட்டர் அளவில் ஒரு சின்னக் கவலை கட்டுங்கள். தும்பியில் கட்டிய வால் கயிறு இறுகியிருக்கும்போது தும்பி மடங்கி நிற்பதும், மேலே வந்ததும் தானாக நீண்டு தண்ணீரைக் கொட்டுவதும் எவ்வளவு கெட்டியான வடிவமைப்பு என்று இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்திலேயே மாடிப்படிக் கூடத்தில் 12 மீட்டர் உயரத்துக்கு உள்ளே தெரியும் குழாய் ஒன்று நிறுத்துங்கள். கீழ்முனை தண்ணீர்த் தொட்டியில், மேல்முனை வெற்றிடப் பம்பில். பம்பை ஓட்டினால் தண்ணீர் ஏறும், ஏறும், பத்து மீட்டருக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். அதற்கு மேல் எந்தப் பம்பு வைத்தாலும் ஏறாது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்; கடல்மட்டத்தில் அது தாங்கும் உயரம் 10.3 மீட்டர். கோவை 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அதற்கும் குறைவு. குழாய் உராய்வும் மற்ற இழப்புகளும் போக, வயலில் 6, 7 மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது. ஆழக் கிணற்றுக்குள் பாதியில் திட்டுப் போட்டு மோட்டாரை இறக்கி வைத்தது ஏன், மழைக்காலத்தில் தண்ணீர் மட்டம் ஏறி அந்த மோட்டார்கள் முழுகியது ஏன், பிறகு நீர்மூழ்கி மோட்டார் வந்து கீழிருந்து தள்ளத் தொடங்கியது ஏன் என்ற மூன்று கேள்விக்கும் இந்த ஒரு குழாய் பதில் சொல்லிவிடும். தோட்டக்காரக் குடும்பத்துப் பெரியவர் யாரும் இதைப் பார்த்துச் சும்மா போகமாட்டார்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. மெல்லிய ஓஸ் போட்டால் உள்ளே அழுத்தம் குறைந்ததும் சப்பையாகிவிடும். உள்ளே சுருள்கம்பி வைத்த கெட்டி சக்‌ஷன் ஓஸ்தான் நிற்கும். எண்ணெய் வெற்றிடப் பம்பு வைத்தால் நீராவி போய் எண்ணெய் பாலாகிவிடும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீரைக் கொண்டே வெற்றிடம் உண்டாக்கும் நீர்வளையப் பம்பு வையுங்கள். தண்ணீருக்கு உணவு நிறமூட்டி போதும். வெயில் படுமிடம் என்றால் பாசி பிடிக்கும், வாரம் ஒருமுறை மாற்றி, குழாயைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவவேண்டும். பக்கத்தில் இன்னொரு சின்னப் பம்பில், உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வை வேண்டுமென்றே கொஞ்சம் ஒழுகவிட்டு வையுங்கள். தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினால் காற்றை மட்டும் சுழற்றிக்கொண்டு இருப்பதையும், ஊற்றியதும் இழுப்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மோட்டாருக்கு வருவோம். பாலிஷ் போட்ட மோட்டாரை மேடைமேல் வைத்தால் அது வெறும் உருளை. காயில் கட்டும் கடைகளில் ஒரு சோதனை செய்வார்கள், அதையே காட்சியாக்குங்கள். ஒரு எச்.பி. மோட்டாரின் ரோட்டரை (உள்ளே சுற்றும் பாகம்) கழற்றிவிட்டு, ஸ்டேட்டரை (காயில் கட்டிய, சுற்றாத வெளிப்பாகம்) படுக்கவைத்து, தனிச்சுருள் கொண்ட மூன்று பேஸ் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 30 வோல்ட்டுக்குள் மின்சாரம் கொடுத்து, உள்ளே ஒரு இரும்பு பேரிங் குண்டைப் போடுங்கள். குண்டு உள்சுவரை ஒட்டி ஓடத் தொடங்கும். தொடுபவர் யாரும் இல்லை, அசையும் பாகம் இல்லை, ஆனாலும் சுற்றுகிறது. சுழல்வது காந்தப்புலம் என்று அப்போது சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஏறும். மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றினாலும் குண்டு எதிர்ப்பக்கம் ஓடும். ஒரு பேஸை எடுத்துவிட்டால் ஓட்டம் நின்று உறுமும். தோட்டத்து மோட்டார் ஒரு பேஸ் போனதும் உறுமிக் கருகியது எதனால் என்பது வந்திருப்பவர்களுக்கே விளங்கும். ரோட்டர் இல்லாத ஸ்டேட்டர் அதிக மின்னோட்டம் எடுத்துச் சூடாகும். ஆகவே இரண்டு நிமிட டைமரும் வெப்பம் கூடினால் நிறுத்தும் சுவிட்சும் கட்டாயம். அருகில் முழு மோட்டார் ஒன்று ஓடட்டும், சுற்றுமானியில் 1,440 காட்டட்டும். புலம் 1,500 சுற்றும்போது ரோட்டர் 60 சுற்றுப் பின்தங்குவது பழுதில்லை. புலத்தை எட்டிவிட்டால் ரோட்டரில் மின்சாரம் தூண்டப்படாது, இழுக்கும் விசையும் இருக்காது.

குடும்பமாகச் சேர்ந்து செய்ய ஒரு பொருள் வேண்டுமென்றால் கைச்சுற்று மின்னாக்கியை வையுங்கள். மூன்று சுவிட்ச் போதும்: 9 வாட் எல்.இ.டி., பழைய 60 வாட் குண்டு பல்பு, ஒரு மிக்சி. எல்.இ.டி.யைப் பிள்ளை ஒரு கையால் எரியவைக்கும். குண்டு பல்புக்கு அப்பா வரவேண்டும், அவரும் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்குவார். மிக்சி அசையாது. பக்கத்துப் பலகையில் ஒரு வரி: ஐந்து எச்.பி. மோட்டாருக்கு 3,730 வாட் வேண்டும். ஆளுக்கு 75 வாட் வீதம் 50 பேர் விடாமல் சுற்றவேண்டும். கரண்ட் பில்லைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

பொத்தான் வைக்காதீர்கள். பொத்தானைப் பிள்ளைகள் அடித்துவிட்டு, என்ன நடந்தது என்று பார்க்காமலே அடுத்ததற்கு ஓடுவார்கள். ஒரு பருவத்துக்குள் பொத்தான் உடையும், பிறகு "பழுது" என்ற அட்டை தொங்கும். கைப்பிடி வைத்தால் சுற்றுகிற நேரமெல்லாம் கண் இயந்திரத்தின்மேல் இருக்கும். ஒரு கைப்பிடி 75 செ.மீ. உயரத்தில், இன்னொன்று 100 செ.மீ.யில். கைப்பிடிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே உராய்வு கிளட்ச் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டு பையன்கள் எதிரெதிராகத் திருகிப் பல்லை உடைத்துவிடுவார்கள். பூட்டுநட்டு போடுங்கள், மூடிய பேரிங் போடுங்கள், ஒவ்வொரு கைப்பிடிக்கும் தயார்நிலையில் ஒரு மாற்று வைத்திருங்கள். பழுதானது இரண்டு நாளுக்குமேல் கூடத்தில் நிற்கக்கூடாது. சரிசெய்யும் வரை எடுத்துவிடுங்கள்.

திருப்பூர்க்காரர்களுக்காக நிட்டிங், அதாவது பனியன் துணி பின்னுதல். 30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) வட்டநிட்டிங் இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசி. அதில் ஒரே ஓர் ஊசியின் நாக்கு வளைந்தாலும் துணியின் நீளம் முழுக்க ஒரு கோடு விழும். முதலில் மரத்தில் அரைமீட்டர் உயர ஊசி மாதிரி ஒன்று செய்து, கயிற்றை நூலாக வைத்து, நாக்கு எப்படித் திறந்து மூடி வளையத்தை வளையத்துக்குள் இழுக்கிறது என்று கையால் செய்யவிடுங்கள். பிறகு நல்ல துணி, கோடு விழுந்த துணி, எண்ணெய்க்கறை, ஓட்டை என நான்கு துண்டைத் தொங்கவிட்டு, எது எதனால் என்று கேளுங்கள். செக்கிங் வேலை பார்க்கும் அம்மா ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அவர் பிள்ளை அன்றைக்குத் தன் அம்மாவை வேறுவிதமாகப் பார்க்கும்.

ஃபவுண்டரியை உருகிய இரும்பு இல்லாமலே காட்டலாம். மோல்டிங் மண், பேட்டர்ன் (மண்ணில் அச்சு எடுக்கும் மாதிரி), மெழுகு போதும். உருகிய இரும்பு உறைந்து குளிரும்போது மீட்டருக்குப் பத்து மி.மீ. சுருங்கும் என்பதால் பேட்டர்ன்காரரின் அடிக்கோலே கொஞ்சம் நீளமாக இருக்கும். அந்தக் கோலையும் சாதாரணக் கோலையும் பக்கத்தில் வைத்தாலே போதும். மண்ணில் ஈரம் கூடினால் நீராவி வார்ப்புக்குள் குமிழாகத் தங்கும் என்பதற்கு அறுத்த வார்ப்பு ஒன்று. திருச்செங்கோட்டு போர் ரிக், நாமக்கல் லாரி பாடி, கோவை வெட்கிரைண்டர் ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். கூடத்துக்குள் அடங்காத ரிக்கை வெளியே நிழற்கூரையின்கீழ் நிறுத்துங்கள்.

இனி எங்களுக்கு மனம் பதைக்கும் விஷயம். ஓடும் இயந்திரம் தேயும், ஓடாத இயந்திரம் துருப்பிடிக்கும். அரிதான ஒன்றை ஓட்டலாமா கூடாதா என்ற தயக்கம் நியாயமானது. எங்கள் விடை: இரண்டு வாங்குங்கள். ஒன்றைத் தொடாமல் அப்படியே வையுங்கள், மற்றதை ஓட்டுங்கள். மூடிய மில்களின் இயந்திரங்கள் இன்றும் எடைக்கணக்கில் பழைய இரும்புக்குப் போகின்றன, இரண்டு கிடைக்கும் காலம் இது. எடுக்கும்போது இயந்திரத்தை மட்டும் எடுக்காதீர்கள். மாற்றுப் பல்சக்கரங்கள், அதற்கே உரிய ஸ்பேனர், எண்ணெய்க்குப்பி, டிராவலர் டப்பா, கையேடு, மேஸ்திரியின் அளவுக்குறிப்பு எல்லாம் அந்த அறை மூலையில்தான் கிடக்கும். அவை இல்லாவிட்டால் பிற்பாடு ஓட்ட முடியாது. வந்ததும் பச்சைப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். தயாரித்தவர் பெயர், ஆண்டு, வரிசை எண் உள்ள தகட்டின்மேல் பெயின்ட் பூசியதால் வயதே தெரியாமல் போன இயந்திரங்கள் எத்தனையோ. தேய்ந்த கைப்பிடியின் பளபளப்பும் ஒரு ஆவணம். பழைய அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்து, உலர்த்தி, மெழுகு பூசினால் போதும். பார்வையாளர் விரலின் வியர்வை உப்பு பட்ட இடத்தில் மழைக்காலத்தில் துரு பிடிக்கும், ஆகவே எட்டும் உயரத்துக்கு மாதம் ஒருமுறை மெழுகு.

ஓட்டும் இயந்திரத்துக்கு நாள்தோறும் கவனிப்பு வேண்டும். ஸ்பின்டிலுக்கு மெல்லிய ஸ்பின்டில் ஆயில்தான். தடித்த கியர் ஆயில் விட்டால் சூடாகி இழுக்கும். பேரிங்கில் கிரீஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைக்காதீர்கள். மோட்டார் இறக்கைகளில் சேரும் பஞ்சுத்தூசியை அன்றன்றே எடுக்கவேண்டும், தீ அங்கேதான் பிடிக்கும். ஆயில் என்ஜின் வைத்திருந்தால், 650 சுற்றில் தட்டித்தட்டி ஓடும் ஆறு எச்.பி. பழைய லிஸ்டர் வகைதான் பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும். ஆனால் புகைக்குழாயைக் கட்டடத்துக்கு வெளியே, சன்னலுக்கு எட்டாத உயரத்தில் விடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓட்டாத வாரத்திலும் பறக்கும் சக்கரத்தைக் கையால் சிலமுறை சுற்றிவிடுங்கள், எண்ணெய்ப்படலம் எல்லா இடத்துக்கும் போகும்.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். ஆறு மி.மீ.க்கு மேல் கண் இல்லாத வலை, அசையும் பாகத்திலிருந்து பத்து செ.மீ. தள்ளி. அதற்கு ஒரு மீட்டர் முன்னால் தடுப்புக்கம்பி, ஏனென்றால் சடை, துப்பட்டா, வேட்டி நுனி மூன்றும் பட்டைக்குள் போகக்கூடியவை. வலையைத் திறந்தால் தானாக நிற்கும் சுவிட்ச். இரு முனையிலும் சிவப்பு நிறுத்தப் பொத்தான். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர். விசைத்தறி ஓடும்போது மூன்று நிமிடம் போதும், வாசலில் காதடைப்பான் கொடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்கட்டும்.

நேர அட்டவணைதான் குடும்பத்துக்கு மிக உதவும். ஓட்டம் ஒவ்வொன்றும் ஏழு நிமிடம்: ஒரு நிமிடம் நிற்கும் இயந்திரத்தைக் காட்டி, இரண்டு நிமிடம் கையால் மெல்லச் சுற்றி, மூன்று நிமிடம் ஓட்டி, ஒரு நிமிடம் கேள்விக்கு. அடுத்த ஓட்டம் 20 நிமிடம் கழித்து அடுத்த கூடத்தில். அப்படிப் போட்டால் குடும்பம் தானாக ஒரு சுற்று வரும், ஒரே இடத்தில் நெரியாது. மூன்று படியாக இருக்கை கட்டினால் 40 பேர் பார்க்கலாம், பிள்ளைகள் முன்படியில். முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிள்ளையின் கவனம் நிற்காது, பெரியவரின் முழங்காலும் நிற்காது. அதற்குள் ஒரு இளைப்பாறும் இடம் வரவேண்டும். சாய்மானம் உள்ள இருக்கை 30 மீட்டருக்கு ஒன்று. சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு. கழிப்பறையும் குடிநீரும் உள்ளேயே. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு அறை, அதில் தூளி கட்ட உறுதியான ஒரு கம்பி.

நம் மக்கள் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். அதை வாசலில் தடுக்காதீர்கள். கைகழுவும் குழாயும் குப்பைத்தொட்டியும் உள்ள ஒரு நிழல் திண்ணை கொடுத்தால், பதினொரு மணிக்கு வந்த குடும்பம் சாப்பிட்டுவிட்டு மதிய ஓட்டத்துக்கும் இருக்கும். கையில் முத்திரை குத்தி வெளியே போய்வர விடுங்கள். தூக்குவாளிக்கும் பைக்கும் பூட்டு அலமாரி வையுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்கிறோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பனியன், தறி, ஃபவுண்டரித் தொழிலாளர் குடும்பத்துக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. காலை துணி துவைப்பதிலும் சந்தையிலும் போய்விடும். ஐந்து மணிக்கு மூடும் அருங்காட்சியகம் அவர்களுக்குத் திறந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு வரை திறந்து, கடைசி ஓட்டத்தை ஆறரைக்கு வையுங்கள். பராமரிப்புக்குத் திங்கள் மூடிக்கொள்ளலாம்.

விளக்கப் பலகை பத்து வரிக்குள், தமிழ் முதலில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் சாய்வாக. நான்கு விஷயம் இருக்கட்டும்: இது என்ன செய்தது, எதனால் ஓடியது, இதில் யார் வேலை செய்தார்கள், எங்கே பழுதாகும். கடைசி கேள்விதான் வீட்டுப் பெரியவரைப் பேசவைக்கும்.

ஓட்டிக் காட்டுபவர்களுக்குக் கூலி கொடுங்கள். ஓய்வுபெற்ற ஃபிட்டர், சைடர், தறிக்காரர், காயில் கட்டுபவர் தகுதியானவர்கள், எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறார்கள். தன்னார்வம் என்று பெயர் சொல்லிச் சும்மா நிற்கவைப்பது அவர்களின் திறமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒருவருக்கு நாளைக்கு நான்கு ஓட்டம், உட்கார நாற்காலி, பேச்சுக்குப் பழக ஒரு வாரம், கூடவே கற்றுக்கொள்ள ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர். ஒவ்வொரு இயந்திரத்தையும் தொடங்கும் முறை, நிறுத்தும் முறை, சத்தம் மாறினால் என்ன பார்ப்பது என்பதை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி வீடியோவில் பதிந்துவையுங்கள்.

எங்கள் பங்குக்கு, எந்த ஊரில் எந்தப் பழைய இயந்திரம் இரும்புக்கடைக்குப் போகக் காத்திருக்கிறது என்ற பட்டியலைத் தருகிறோம். கழற்றி ஏற்றி இறக்கி, மட்டம் பார்த்து நிறுத்தி, முதல் ஓட்டத்துக்குத் தயாராக்கும் வேலையிலும் வந்து நிற்கிறோம். முதலில் ஒரே ஒரு கூடத்தை, பம்புக் கூடத்தையோ மோட்டார்க் கூடத்தையோ, வரும் கோடை விடுமுறைக்குள் ஓடவிடுங்கள். அதற்கு உங்கள் தரப்பில் முடிவெடுக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள், அளவெடுக்க டேப்போடு வருகிறோம்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டு மில், பட்டறை, தறி, பம்பு, பனியன் தொழில் செய்பவர்கள்